ஒரு கதவு, இரண்டு வரி

ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை.
வில்யாண்டியின் ஏரிக்கரைச் சாலையில்
எங்கள் கதவுக் கடை. நான் ரசீது எழுதுகிறவள்.
அந்த வாரம் முழுக்கக் கூட்டம்.
பல் மருத்துவர் ஊர்மஸ்
இன்னும் அறுக்கப்படாத மரத்துக்கு,
ஏழு ஜன்னலுக்கும் சேர்த்து,
மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டுப் போனார்.
முந்திக் கட்டுகிறவனுக்கு வரி குறைவு.

மைமு ரௌட்டிடம் அன்று முன்பணம்தான் இருந்தது.
ஓய்வூதியம் ஐந்தாம் தேதி வரும்.
நடுக்கோடைத் தீயின் புகை வாசம்
அவள் ஸ்வெட்டரை விட்டு இன்னும் போகவில்லை.

ஓக் கதவு, ஆயிரம் யூரோ.
அதில் அறுபது,
முழங்காலுக்குக் கீழே நாய் புகுந்து வர
ஒரு குட்டிக் கதவுக்கு.
"சம்மிக்குத் தோள் அகலம்.
இரண்டு விரற்கடை கூட்டிப் போடுங்கள்" என்றாள்.
கூட்டிப் போட்டோம்.

முன்பணம் நானூறு.
இருபத்திரண்டு சதவீத வரி, எண்பத்தெட்டு.
அச்சு இயந்திரம் முனகியது.
ரசீதை நாலாக மடித்து வைத்துக்கொண்டாள்.

ஜூலை ஒன்றாம் தேதி காலை
கணினியில் ஒரு கட்டத்தைத் திறந்தேன்.
இருபத்திரண்டை அழித்து
இருபத்து நாலு என்று அடித்தேன்.
அவ்வளவுதான், சட்டம் மாறிவிட்டது.
பட்டறையில் பாதி இழைத்த கதவு
நேற்றைய சுவரிலேயே சாய்ந்திருந்தது.

பதினெட்டாம் தேதி வந்தாள்.
பாக்கி அறுநூறு. வரி நூற்று நாற்பத்து நாலு.
விரல் வைத்துப் படித்தாள்.
"பன்னிரண்டு யூரோ கூடியிருக்கிறதே,
கதவு வளர்ந்துவிட்டதா?"

எல்லோரிடமும் சொல்வதையே சொன்னேன்.
ஜூனில் வாங்கிய காசு
ஜூன் வரியோடு போய்ச் சேர்ந்துவிட்டது.
மீதி, கதவு கைமாறும் நாளுக்கு உரியது.
முன்பணம் கதவைப் பிடித்து வைக்கும்,
தேதியைப் பிடித்து வைக்காது.

"அப்படியானால்
கீல் பக்கம் பழைய சட்டம்,
கைப்பிடிப் பக்கம் புதுச் சட்டம்."
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தக் குட்டிக் கதவு வேண்டாம்.
அடைத்துக் கொடுங்கள்.
சம்மி போன வாரம்..."
கைப்பையை மூடினாள்,
வாக்கியத்தைத் திறந்தபடி விட்டுவிட்டு.

மொத்தத்தையும் பாக்கியில் கழித்திருக்கலாம்.
மேலாளர் ஆர்வோ அப்படித்தான் செய்வார்.
நான் பிரித்துப் போட்டேன், ஏன் என்று தெரியவில்லை.
அறுபதில் இருபத்து நாலு ஜூனுக்கு.
அதன் வரி ஐந்து யூரோ இருபத்தெட்டு சென்ட்.
முப்பத்தாறு ஜூலைக்கு.
அதன் வரி எட்டு யூரோ அறுபத்து நாலு.
எந்த விகிதத்தில் வாங்கினோமோ
அதே விகிதத்தில் திருப்பித் தர வேண்டும்.

தாளை அவள் பக்கம் திருப்பினேன்.
மேல் வரியிலேயே நெடுநேரம் நின்றாள்.
"இந்த இருபத்து நாலைக் கட்டும்போது
அவன் உங்கள் வாசலில் நின்றிருந்தான்.
குப்பைத் தொட்டியை முகர்ந்தான்.
ஞாபகம் இருக்கிறதா?"

இல்லை.
இருக்கிறது என்றேன்.

"இது இருக்கட்டும். முப்பத்தாறை மட்டும்..."
என்று தொடங்கி அவளே நிறுத்தினாள்.
அறுபது சதவீதம் மட்டும் அடைத்த ஓட்டையை
எந்தத் தச்சன் செய்து தருவான்?

தாளைக் கிழித்தேன்.
எழுநூற்று நாற்பத்து நாலையும் எண்ணி வைத்தாள்.
கடைசி நாலு, சில்லறையாக.

வண்டியில் ஏற்றும்போது பார்த்தேன்.
ஓக் மரத்தின் வரிகள்
ஜூனும் ஜூலையும் அறியாமல்
மேலிருந்து இறங்கி வந்து
அந்தச் சின்னச் சதுரத்தில் அறுந்து
அதற்குக் கீழே மறுபடி தொடங்கின.

நவம்பரில் ஒருநாள் ஃபோன் செய்தாள்.
குட்டிக் கதவு வழியாகக் காற்று வருகிறதாம்.
இரவில் தட்டுகிறதாம்.
புகாராகப் பதியட்டுமா என்று கேட்டேன்.
வேண்டாம் என்றாள்,
தட்டுகிறது என்று சொல்லத்தான்.